சுவரில் வைத்த கதவு

மனித குலம் இதுவரை கண்டுபிடித்த நெருப்பு, சக்கரம், எழுத்து ஆகிய மூன்றையும் தராசின் ஒரு தட்டிலும், 'திருத்து' என்கிற பொத்தானை மறு தட்டிலும் வைத்தால், பொத்தான் இருக்கும் தட்டுதான் தரையைத் தொடும்.

இந்தப் பேருண்மை அறிவிக்கப்பட்ட இடம் ஒரு சமையலறை. அறிவித்தவன் விக்கி. சமையலறை அவனுடைய மாமியாருக்குச் சொந்தம். கேட்டுக்கொண்டிருந்தவள் அவன் மனைவி. அவள் குக்கர் மூடியின் ரப்பரைத் தேடிக்கொண்டிருந்ததால், மனித குலம் அடைந்த பெருமையில் முழுதாகக் கலந்துகொள்ள முடியவில்லை.

"நெருப்பு சுடும். சக்கரம் சுத்தும். அதோட சரி. எழுத்து என்ன பண்ணுச்சு? பெரிய ஆளு எழுதினா அதுதான் சட்டம். ஆனா விக்கியில அப்படி இல்ல. பெரிய ஆளு தப்பா எழுதினா, வாசல்ல நிக்கிற வாட்ச்மேன் வந்து ஒரு பொத்தானை அழுத்தித் திருத்தலாம். யோசிச்சுப் பாரு!"

"அந்தப் பெரிய ஆளு வாட்ச்மேனை விட்டுடுவாரா?"

"அதுதான் அழகே! அவரும் திரும்பத் திருத்தலாம். கடைசியில உண்மை ஜெயிக்கும்."

"கடைசியில வாட்ச்மேனுக்கு வேலை இருக்குமா?"

மேதைகளின் மனைவிகள் எப்போதும் இப்படிச் சில்லறைக் கேள்விகள்தான் கேட்பார்கள் என்று விக்கிக்குத் தெரியும். இவள் ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பில் இருக்கிறாள். வலிக்கும் என்று தெரிந்தே "வலிக்காது, உட்காருங்க" என்று சிரிப்பது அவள் தொழில். வீட்டுக்கு வந்தால் சிரிப்பை மட்டும் விட்டுவிட்டு மற்றதைத் தொடர்வாள்.

அவனுக்குப் பெற்றோர் வைத்த பெயர் வேறு. பெரிய நிறுவனங்களின் உள் இணையதளங்களில், யார் வேண்டுமானாலும் எழுதித் திருத்தக்கூடிய 'விக்கி' என்னும் பக்கங்களும் வலைப்பதிவும் நிறுவித் தருகிற ஒரு சின்ன மென்பொருள் கடையில் அவன் வேலை பார்த்தான். போன இடத்திலெல்லாம் "விக்கி போடற தம்பி வந்தாச்சா?" என்று கேட்டுக் கேட்டு, அது "விக்கி வந்தாச்சா?" என்று தேய்ந்து, இப்போது பக்கத்தில் யாருக்காவது தண்ணீர் குடிக்கும்போது புரையேறி விக்கினால்கூடத் திரும்பிப் பார்க்கிறான்.

வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. நிரந்தரமாகாதவனுக்குத் தனி வீடு பார்க்க வழியில்லை. எனவே கல்யாணம் ஆன நாளிலிருந்து அவன் வீட்டோடு மாப்பிள்ளை. அவனும் மனைவியும் படுக்கிற முன்னறை வழியாகத்தான் மாமனார் காலையில் பேப்பர் எடுக்கப் போவார், பாலுக்குப் போவார், செருப்பை மறந்துவிட்டுத் திரும்பி வருவார். மாமியார் மரியாதை தெரிந்தவர். தினமும் டம்ளரை வைக்கும்போது ஒரே ஒரு கேள்விதான்.

"நிரந்தரம் ஆச்சா, மாப்பிள்ளை?"

"ஆயிடும் அத்தை. இப்ப ஒரு பெரிய கம்பெனி வந்திருக்கு. அவங்க வேலை திருப்தியா முடிஞ்சுதுன்னு கையெழுத்துப் போட்டுட்டா, எங்க ஆபீஸ்ல உடனே நிரந்தரம்."

"நல்லது. டீயைக் குடிங்க, ஆறிடும்" என்பார் அவர். அது பெரும்பாலும் ஆறித்தான் வரும்.

அந்தப் பெரிய கம்பெனி கதவு செய்கிற கம்பெனி. வீட்டுக் கதவு, வங்கிக் கதவு, மருத்துவமனைக் கதவு, திறக்கும்போது வணக்கம் சொல்கிற கதவு என்று எல்லாம் செய்தார்கள். நான்கு மாடித் தலைமை அலுவலகத்தில் ஒவ்வோர் அறைக்கும் இரண்டு கதவுகள் இருந்தன. ஒன்று போய்வர, இன்னொன்று பெருமைக்கு. கழிப்பறையை அடைய மூன்று கதவுகளைக் கடக்க வேண்டும். அவசரக்காரர்கள் மூன்றாவது கதவில் நிறுவனத்தின் கொள்கை வாசகத்தைப் படித்தபடியே தோற்றுப்போன வரலாறு உண்டு.

விக்கியை வரவேற்றவர் அறிவு மேலாண்மைத் துறையின் தலைவர். நீளமான பதவியாக இருந்ததால் எல்லோரும் அவரை 'அறிவு' என்றே அழைத்தார்கள். "அறிவு வந்துட்டாரா?" "இன்னும் வரலை, எதுக்கும் உக்காருங்க" என்று அந்த மாடியில் தினமும் கேட்கும்.

"தம்பி, எங்க கொள்கை ரொம்பத் தெளிவு" என்றார் அறிவு, முதல் கூட்டத்தில். "இங்க யார் வேணும்னாலும் எழுதலாம். இது ஜனநாயகம்."

"அருமை சார். விக்கியோட அடிப்படையே அதுதான்."

"ஆனா யாரும் எழுதிடக் கூடாது. இது நிர்வாகம்."

விக்கி பேனாவை எடுத்தான், வைத்தான்.

"அப்ப எழுதற உரிமை யாருக்கு சார் கொடுக்கட்டும்?"

"எல்லாருக்கும் கொடுங்க. ஆனா எழுதினது மேலே வரணும்னா அவங்க மேலாளர் பார்க்கணும். அவருக்கு மேலே இருக்கறவர் பார்க்கணும். சட்டத் துறை பார்க்கணும். அப்புறம் நான் பார்ப்பேன். நான் பார்த்தா வேண்டாம்னுதான் சொல்லுவேன். அதனால ஆரம்பத்திலேயே என்கிட்ட வந்துட்டா எல்லாருக்கும் நேரம் மிச்சம்."

வலைப்பதிவு விஷயம் இன்னும் எளிது. அதில் எழுதப்போவது எம்.டி. ஒருவர்தான். எம்.டி.க்கு நேரமில்லாததால் அவருக்காக எழுதப்போவது அறிவு. எழுதி முடித்ததும் கீழே முதல் ஆளாக வியந்து பாராட்டப்போவதும் அறிவுதான்.

ஆனால் அந்த முதலிடம் அவருக்குக் கிடைக்கவில்லை. விற்பனைப் பிரிவில் ஒரு துணை மேலாளர் இருந்தார். சோதனைக்காக விக்கி "இது சோதனைப் பதிவு, யாரும் படிக்க வேண்டாம்" என்று ஒரு வரி போட்டான். பக்கம் முழுதாகத் திறப்பதற்குள் அதன் கீழே "அருமை சார்" என்று துணை மேலாளரின் கமெண்ட் விழுந்திருந்தது. சர்வர் பழுது, நாளை போர்ட்டல் என்கிற உள் இணையதளம் இயங்காது என்று அறிவிப்புப் போட்டபோதும் "அருமை சார்". கணக்குப் பிரிவில் ஒருவருடைய தாயார் இறந்த செய்திக்கும் பழக்க தோஷத்தில் அதையே போட்டுவிட்டு, பிறகு போய் மன்னிப்புக் கேட்டாராம். அவர் பெயரே 'அருமை' என்று ஆகிவிட்டது.

விக்கிக்கு அவரைக் கண்டால் சிரிப்பாக வந்தது. வீட்டில் அவரைப் போலவே கழுத்தைச் சாய்த்து, ஒரு விரலால் தட்டச்சு செய்து நடித்துக் காட்டுவான்.

"அந்த ஆளுக்கு முதுகெலும்புன்னு ஒண்ணு இருக்கா, இல்ல அதையும் கழட்டி ஆபீஸ்ல குடுத்துட்டாரா தெரியலை. நான்லாம் பட்டினி கிடந்தாலும் கிடப்பேனே தவிர, இந்தப் பொழப்பு பொழைக்க மாட்டேன்."

"பட்டினி கிடக்கறதுன்னா முன்னாடியே சொல்லிடு. இல்லன்னா அம்மா உனக்கும் சேர்த்து அரிசி கழுவிடுவாங்க" என்றாள் மனைவி.

தொடக்க விழா வந்தது. கணினித் திரையின் குறுக்கே சிவப்பு நாடா கட்டியிருந்தார்கள். எம்.டி. கத்தரிக்கோலால் நாடாவை வெட்டினார். கூடவே மவுஸின் வயரையும் வெட்டினார். கைதட்டல் எழுந்தது. வேறு மவுஸ் வரும் வரை கைதட்டல் நிற்கக் கூடாது என்று அறிவு சைகை காட்டியதால், உள்ளங்கை சிவக்கத் தட்டினார்கள்.

முதல் பக்கம் 'நமது கட்டடம்'. எம்.டி. தன் கையால் எழுத விரும்பினார். ஒவ்வோர் எழுத்தாகத் தேடி, கடைசியாக ஒரு வாக்கியத்தை எட்டினார்: 'அவசரகால வழி இரண்டாம் மாடியில் கிழக்குப் பக்கம் உள்ளது.'

இரண்டாம் மாடியின் அவசரகால வழி மேற்குப் பக்கம் இருந்தது. கட்டடம் கட்டிய நாளிலிருந்து அங்கேதான் இருந்தது. அதன் மேல் பச்சை விளக்கு எரிந்தது. எம்.டி. தனக்கென்று உள்ள லிஃப்டில் நேரே நான்காம் மாடிக்குப் போய் நேரே கீழே இறங்குகிறவர். இரண்டாம் மாடியை அவர் பார்த்தது கட்டட வரைபடத்தில், அதுவும் தலைகீழாகப் பிடித்து. கூடியிருந்தவர்கள் திரையைப் பார்த்தார்கள். பிறகு மேற்கே பார்த்தார்கள். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கைதட்டினார்கள்.

தட்டாதவர் ஒருவர்தான்: பாதுகாப்பு அதிகாரி. தீ விபத்துப் பயிற்சி, முதலுதவிப் பெட்டி, வழுக்கும் தரையில் மஞ்சள் பலகை என்று எல்லாம் அவர் பொறுப்பு. தடித்த குரலும் தடித்த செருப்பும் கொண்ட பெண்மணி. எல்லோருக்கும் அவர் பாதுகாப்பு அக்கா. ஆளைப் பார்த்தாலே "படியில ஃபோன் பேசாதீங்க" என்பார். அதனால் அவரை யாருக்கும் அவ்வளவாகப் பிடிக்காது.

விழா முடிந்ததும் அக்கா விக்கியைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, அது தப்பு. கிழக்கே வெறும் சுவர். இதை நம்பி எவனாவது ஓடினா செத்துப்போவான். யார்கிட்ட சொல்லணும்?"

விக்கியின் நெஞ்சு விம்மியது. புத்தகங்களில் மட்டும் படித்த கணம் நேரில் வந்து நின்றது.

"யார்கிட்டயும் சொல்ல வேண்டாம் அக்கா. அதோ, 'திருத்து'ன்னு இருக்கு பாருங்க. அழுத்துங்க."

"நானா? எம்.டி. எழுதினதையா?"

"விக்கியில எம்.டி.யும் கிடையாது, பியூனும் கிடையாது. சரியா தப்பா, அவ்வளவுதான். உண்மையா இருந்தா யாரும் கை வைக்க முடியாது. நான் இருக்கேன்ல?"

அக்கா சேலைத் தலைப்பில் விரலைத் துடைத்துக்கொண்டு அழுத்தினார். 'கிழக்கு' போய் 'மேற்கு' வந்தது. மாற்றியவர் என்று அவருடைய பெயரும் பதவியும் நேரமும் பக்கத்தின் ஓரத்தில் தாமாகவே பதிவாகின. விக்கி அன்று வீட்டுக்குப் பாட்டுப் பாடிக்கொண்டே போனான். மாமியார் தவறாகப் புரிந்துகொண்டு சூடான டீ கொடுத்தார்.

மறுநாள் காலை அவசரக் கூட்டம். மாற்றியது யார் என்று கண்டுபிடிக்க ஒரு குழு அமைக்கப்பட்டது. மாற்றியவர் பெயர் பக்கத்திலேயே இருக்கிறது என்று விக்கி சொன்னான். அறிவு அவனை இரக்கத்தோடு பார்த்தார்.

"தம்பி, பெயர் தெரிஞ்சுட்டா குழு எதுக்கு? முறைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

குழு பலமுறை கூடியது. ஒவ்வொரு முறையும் பிஸ்கட் வந்தது. கடைசியில் பக்கத்தின் ஓரத்தைப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள். அக்காவுக்கு எச்சரிக்கைக் கடிதம் போனது. வாக்கியம் மறுபடி கிழக்கே திரும்பியது.

"ஆனா சார்" என்று விக்கி மெல்ல இழுத்தான், "கிழக்கே நிஜமாவே கதவு இல்லையே?"

"அது ஒரு நியாயமான கவலை" என்றார் அறிவு. "அதை நான் மேல கொண்டுபோறேன்."

கொண்டுபோனார். ஒரு வாரத்தில் கிழக்குச் சுவரில் கதவு வந்துவிட்டது. நிறுவனத்தின் மிக உயர்ந்த ரகம்: தேக்கு நிறம், பித்தளைக் கைப்பிடி, நடுவே எம்.டி.யின் கையெழுத்துப் பொறித்த தகடு. சுவரை உடைக்கவில்லை. சுவரை உடைப்பது கட்டட வேலை. இவர்கள் கதவுக் கம்பெனி. கதவைத் திறந்தால் உள்ளே, சாயம் பூசாத செங்கல் சுவர், இருந்த இடத்தில் இருந்தது. துணை மேலாளர் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு, செங்கல்லைத் தடவி, "ஃபினிஷிங் அருமை" என்றார்.

'பக்கத்துக்கும் கட்டடத்துக்கும் இருந்த முரண்பாடு நீக்கப்பட்டது' என்று எம்.டி.யின் வலைப்பதிவு அறிவித்தது. 'தலைவன் என்பவன் ஒரு கதவு. அவன் இருக்கும் இடத்தில் சுவர்கள் அர்த்தம் இழக்கின்றன' என்ற வாக்கியம் பலரால் மேற்கோள் காட்டப்பட்டது.

அதன் பிறகு அறிவு விக்கியைத் தனியாக அழைத்தார்.

"இந்தத் திருத்து பொத்தான்தான் எல்லா வம்புக்கும் காரணம்."

"எடுத்துடட்டுமா சார்?" என்றான் விக்கி.

"சேச்சே! எடுத்தா ஜனநாயகம் போயிடும். பொத்தான் இருக்கணும். பெரிசா, அழகா இருக்கணும். யார் வேணும்னாலும் அழுத்தலாம். அழுத்தினா ஒண்ணும் ஆகக் கூடாது."

"ஒண்ணுமே ஆகாதா?"

"சரி, வேணும்னா 'உங்கள் பங்களிப்புக்கு நன்றி'ன்னு ஒரு வரி வரட்டும்."

விக்கி அதை அப்படியே செய்தான். கமெண்டுகளில் மட்டும் திருத்தும் வசதியை விட்டுவைக்கச் சொன்னார் அறிவு. பாராட்டில் எழுத்துப்பிழை இருந்தால் எம்.டி. வருந்துவார். வேலை முடிந்தது என்கிற சான்றிதழில் கையெழுத்து மட்டும் பாக்கி. "வர்ற வாரம் போட்டுடறேன்" என்றார் அறிவு. வீட்டில் வாடகை வீட்டு விளம்பரங்களை மனைவி ஃபோனில் காட்டத் தொடங்கியிருந்தாள். ஒன்றில் பால்கனிகூட இருந்தது.

"இது என் கொள்கைக்கு விரோதம்தான்" என்றான் விக்கி, பால்கனியைப் பெரிதாக்கிப் பார்த்தபடி. "ஆனா பொத்தான் இருக்குல்ல? பொத்தான் இருக்கற வரைக்கும் நம்பிக்கை இருக்கு."

"ஒரு அழுத்து அழுத்து, கீசர் இருக்கான்னு பார்ப்போம்."

அந்த 'வர்ற வாரம்' ஒரு பகலில், எல்லோரும் சாப்பிட்டுவிட்டுக் கண் சொருகி உட்கார்ந்திருந்த நேரத்தில், இரண்டாம் மாடியில் பேட்டரிகள் வைத்திருக்கும் அறையிலிருந்து புகை வந்தது. முதலில் மெல்லிய நூலாக. பிறகு கறுத்து, கனத்து, கூரையைத் தொட்டுக் கீழே வழிந்தது. மணி அலறியது.

"எல்லாரும் மேற்கே வாங்க! மேற்கே!" என்று அக்காவின் குரல் கேட்டது.

பலர் எழுந்து நின்றார்கள். ஆனால் நகரவில்லை.

"விக்கிப் பக்கத்துல கிழக்குன்னுல்ல இருக்கு?" என்றார் ஒருவர்.

"ஒரு தடவை பார்த்துட்டுப் போயிடலாம்" என்றார் அறிவு, இருமிக்கொண்டே. அவர் கணினியில் விக்கிப் பக்கத்தைத் திறக்கப் பார்த்தார். பேட்டரி எரிந்துகொண்டிருந்ததால் சர்வர் இயங்கவில்லை. "பக்கம் திறக்கலையே! தம்பி, பக்கம் ஏன் திறக்கலை? இதை முதல்ல சரி பண்ணுங்க!"

விக்கி அவருடைய மேசைக்கடியில் கேபிளைத் தேடிக் குனிந்தான். குனிந்த பிறகுதான் தான் என்ன செய்கிறோம் என்பது அவனுக்கு உறைத்தது.

அதற்குள் துணை மேலாளர் கிழக்குக் கதவை நோக்கி ஓடியிருந்தார். அவர் ஓடியதைப் பார்த்து ஒரு கூட்டமே அவர் பின்னால் ஓடியது. அவர் பித்தளைக் கைப்பிடியைத் திருப்பினார். கதவு சத்தமே இல்லாமல், பட்டுப்போலத் திறந்தது. துணை மேலாளர், தான் முன்பு பாராட்டிய அதே செங்கல்லைப் பார்த்தார். கதவை மரியாதையோடு சாத்திவிட்டு, மறுபடி திறந்தார். செங்கல்தான். பின்னால் வந்தவர்களுக்குப் புகையில் செங்கல் தெரியவில்லை. கதவு திறந்ததைத்தான் பார்த்தார்கள். எல்லோரும் ஒரே மூச்சாக முன்னால் தள்ளினார்கள். துணை மேலாளரின் மூக்கு சுவரில் பட்ட சத்தம் மணியை மீறிக் கேட்டது. கணக்குப் பிரிவில், தாயை இழந்த அந்த மனிதருக்குக் கதவுக்கும் நிலைக்கும் நடுவே கை மாட்டி முறிந்தது.

அக்கா மூக்கில் சேலையைச் சுற்றிக்கொண்டு புகைக்குள் வந்தார். கடைசியில் நின்றவர்களின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார். திட்டினார். முதுகில் அறைந்தார். "மேற்கே நடங்கடா, சனியன்களா!" என்று அவர் கத்தியது பயிற்சிக் கையேட்டில் இல்லாத வாசகம். விக்கியையும் மேசைக்கடியிலிருந்து காலைப் பிடித்து இழுத்தது அவர்தான். மேற்குப் படி வழியாக எல்லோரும் இறங்கினார்கள். ஒருவர் பாக்கியில்லாமல் உயிரோடு தெருவில் நின்று இருமினார்கள்.

விசாரணை நான்காம் மாடியில், எம்.டி.யின் அறையில் நடந்தது. வெளியாள் சாட்சி என்ற முறையில் விக்கியும் ஓர் ஓரமாக உட்கார்ந்தான். அறிவின் முன்னால் இரண்டு தாள்கள்: ஒன்று அக்காவின் மேல் குற்றச்சாட்டு, மற்றொன்று விக்கியின் சான்றிதழ். ஒரே பேனாதான் இருந்தது.

எம்.டி. நிதானமாகப் பேசினார்.

"முப்பது வருஷமா கதவு செய்யறோம். அன்னைக்கு நம்ம கதவு திறந்ததா, இல்லையா?"

"திறந்தது சார்" என்றார் மூக்கில் கட்டுப் போட்டிருந்த துணை மேலாளர். "திறந்தது" என்பது கட்டின் வழியாக வேறு மாதிரி கேட்டது.

"மாட்டிக்கிட்டதா?"

"இல்ல சார்."

"கீச்சுன்னு சத்தம் ஏதாவது?"

"பட்டு மாதிரி சார்."

"அப்புறம் கதவு மேல என்ன குறை?"

அக்கா எழுந்தார். "கதவுக்குப் பின்னாடி சுவர் இருந்துச்சு சார்."

எம்.டி. வருத்தமாகச் சிரித்தார். "அம்மா, கதவுக்குப் பின்னாடி என்ன இருக்கும்ங்கறதுக்கு இந்த நிறுவனம் என்னைக்கும் உத்தரவாதம் கொடுத்ததில்லை. வாரண்டி கார்டை எடுத்துப் படிச்சுப் பாருங்க. நம்ம பொறுப்பு திறக்கறது. போறது வாடிக்கையாளரோட பொறுப்பு."

"அங்கே இருந்தது வாடிக்கையாளர் இல்ல சார், நம்ம ஆளுங்க. நான் மேற்கே கூட்டிட்டுப் போகலைன்னா..."

"அதுதான் விஷயமே" என்று அறிவு தாளை எடுத்தார். "நிறுவனத்தின் அதிகாரபூர்வமான பக்கத்தில் இல்லாத வழியா, முன் அனுமதி இல்லாம, ஊழியர்களைத் தப்பிக்க வெச்சிருக்கீங்க. அவங்க அத்தனை பேரும் வேலை நேரத்துல அனுமதியில்லாம வெளியேறினவங்கன்னு ஆயிடுச்சு. உங்களால எத்தனை குடும்பம் பாதிக்கப்பட்டிருக்கு, யோசிச்சீங்களா?"

"உயிரோட இருக்காங்கல்ல சார்!"

"உயிரை நான் மறுக்கலை. முறையைக் கேக்கறேன்."

மற்றவர்கள் மேல் நடவடிக்கை வேண்டாம் என்று எம்.டி. பெரிய மனசு பண்ணியிருந்தார். கிழக்குக் கதவு வழியாகத்தான் வெளியேறினோம் என்று வலைப்பதிவில் ஆளுக்கு ஓர் அனுபவக் குறிப்பு எழுதினால் போதும். எல்லோரும் எழுதிவிட்டார்கள். கை முறிந்தவர் இடது கையால் எழுதினார். அக்கா மட்டும் எழுதவில்லை.

அக்கா சுற்றிப் பார்த்தார். ஒவ்வொருவரும் தரையில் எதையோ தொலைத்தவர் போலிருந்தார்கள். அவர் பார்வை விக்கியிடம் வந்து நின்றது.

"இந்தத் தம்பி வெளி ஆளு. இவருக்கு யாரையும் பார்த்துப் பயப்படணும்னு இல்ல. இவரைக் கேளுங்க, நாங்க எந்தப் பக்கமா வெளியே வந்தோம்னு. சொல்லு தம்பி."

எம்.டி. விக்கியைப் பார்த்தார். அறிவு பேனாவின் மூடியைக் கழற்றி, முனையை இரண்டு தாள்களுக்கும் நடுவில் நிறுத்திக்கொண்டு அவனைப் பார்த்தார்.

விக்கிக்குப் பால்கனி தெரிந்தது. முன்னறையைக் கடந்து செருப்புக்காகத் திரும்பி வரும் மாமனார் தெரிந்தார்.

"எனக்கு... திசை அவ்வளவா பிடிபடாது சார்."

அறையில் யாரோ மூச்சு விட்டார்கள். "அதான் அன்னைக்கு மேசைக்கடியில போயிட்டியா" என்று அக்கா, ஏதோ இப்போதுதான் புரிந்ததுபோலச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பேனா முதல் தாளில் இறங்கியது.

அன்று மாலையே அக்கா தன் மேசையைக் காலி செய்தார். ஒரு டார்ச், ஒரு விசில், இரண்டு மஞ்சள் பலகை. பலகை நிறுவனத்தின் சொத்து என்று வாசலில் வாங்கிக்கொண்டார்கள். மேற்குப் படி வழியாகப் போக முடியவில்லை. அங்கே கொத்தனார்கள் வேலையை ஆரம்பித்திருந்தார்கள். விக்கிப் பக்கத்தில் இல்லாத கதவு கட்டடத்தில் இருப்பது ஊழியர்களைக் குழப்புகிறது என்பதால், மேற்குக் கதவை எடுத்துவிட்டுச் செங்கல் வைத்துக்கொண்டிருந்தார்கள். பச்சை விளக்கைக் கழற்றி, கிழக்குக் கதவின் மேல் மாட்டியாயிற்று.

விக்கி தன் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது அறிவு தோளில் கை போட்டார்.

"ரொம்பப் பக்குவமா பேசினீங்க தம்பி. காலையில வாங்க, சான்றிதழ்ல கையெழுத்துப் போட்டுடலாம். சாயங்காலம் எம்.டி.யோட புதுப் பதிவு வருது. அவர் ஒவ்வொரு பேரா பார்ப்பார். உங்களுக்கும் போர்ட்டல்ல ஒரு கணக்கு இருக்குல்ல?"

வீட்டில் மாமியார் டம்ளரை வைத்தார்.

"நிரந்தரம் ஆச்சா, மாப்பிள்ளை?"

"நாளைக்கு அத்தை."

"அப்படியா!" அவர் டம்ளரை மறுபடி எடுத்துக்கொண்டு போய்ச் சூடாக்கிக் கொண்டுவந்தார். கூட ஒரு தட்டில் முறுமுறுவென்று ஏதோ இருந்தது. மாமனார்கூட முன்னறையைக் கடக்காமல் சுற்றிப் போனார்.

விக்கி சோபாவின் மூலையில் சாய்ந்து ஃபோனைத் திறந்தான். பதிவு அப்போதுதான் வந்திருந்தது. தலைப்பு: 'சோதனையில் திறந்த கதவு'. எந்தக் கூச்சலும் இல்லாமல், ஒழுங்காக, கிழக்குக் கதவு வழியே ஊழியர்கள் வெளியேறிய காட்சி அதில் உருக்கமாக விவரிக்கப்பட்டிருந்தது. 'மேற்கில் இருந்த தேவையற்ற திறப்பு மூடப்பட்டுவிட்டது. இனி நம் கட்டடத்தில் குழப்பத்துக்கு வழியே இல்லை' என்று முடிந்திருந்தது. துணை மேலாளருக்கு அன்று மாலை மூக்கில் அறுவை சிகிச்சை. கீழே கமெண்ட் பகுதி வெறுமையாக இருந்தது.

மனைவி உள்ளே யாரிடமோ ஃபோனில் வீட்டு முன்பணம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள்.

விக்கி கழுத்தைச் சாய்த்து, ஒரு விரலால் தட்டினான். 'அருமை சார்.' அனுப்பினான். யாரும் பார்க்கவில்லை. டீயை எடுத்து ஒரு வாய் குடித்தான். நன்றாகச் சூடாக இருந்தது.

ஃபோன் அதிர்ந்தது. அவனுக்குக் கீழே அறிவு வந்திருந்தார்: 'மிக அருமை சார்.' அதற்குக் கீழே கை முறிந்தவர்: 'மிக மிக அருமை சார்.'

விக்கி தன் ஒற்றை வரியைச் சற்று நேரம் பார்த்தான். மூன்றிலும் மெலிந்து தெரிந்தது அதுதான்.

"என்னடா, அவ்வளவு மும்முரமா?" என்று மனைவி எட்டிப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல. ஒரு சின்ன குறை" என்று ஃபோனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, திருத்து பொத்தானை அழுத்தினான்.